படத்தில் இல்லாத பாட்டு

எங்கள் அம்மா யாரையும் லேசில் நம்பமாட்டாள். பால்காரர் ஊற்றிய பாலில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுத்தான் சொம்பை உள்ளே எடுத்துப் போவாள். அந்தக் குணம் எனக்கும் அப்படியே ஒட்டிக்கொண்டது. தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை என்று சும்மாவா சொன்னார்கள்.

எழுபதுகளின் கடைசியில் என் அப்பாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்புக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்பாவை நான் நைனா என்றுதான் கூப்பிடுவேன். அதுவரை நெல் வயலில் கிடந்த மனுஷர், காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு சைக்கிளில் போக ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் தலைக்கு வாசனை எண்ணெய் வந்தது. ஷிப்டு முடிந்து நேராக வீட்டுக்கு வருவது நின்றுபோனது. கேட்டால், டென்ட் கொட்டாயில் படம் பார்த்தேன் என்பார்.

அது ஒரு பழைய சிரிப்புப் படம். கஞ்சப் பணக்காரர் வீட்டில் காதலன் சமையல்காரனாக நுழைந்து, ரசம் வைக்கத் தெரியாமல் பாட்டுப் பாடியே சமாளிக்கிற கதை.

"ஒரே படத்த இன்னாத்துக்குத் திரும்பத் திரும்பப் பாக்கற?" என்றாள் அம்மா.

"ஒரே கொடைக்குள்ள நாலு பேரு முட்டிக்கினு பாடுவாங்க பாரு, அந்தப் பாட்டுக்கோசரம்தான்" என்றார் நைனா.

அடுத்த வாரம் அம்மா என்னை அழைத்துக்கொண்டு அதே படத்துக்குப் போனாள். பெண்கள் பக்கம் மணலைக் குவித்து உட்கார்ந்தோம். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ படம் பார்த்துவிட்டேன், எதுவும் அந்த அளவுக்குப் பிடித்ததில்லை. அம்மா மட்டும் சிரிக்கவேயில்லை. அவள் குடைக்காகக் காத்திருந்தாள். படம் முடிந்தது. குடையும் வரவில்லை, மழையும் வரவில்லை.

"கொடையே இல்லியே. அப்போ இந்த ஆளு எங்க போய்க்கினு கீறாரு?" என்றாள் வழியில். "பொய்யின்னு தெரியட்டும், உன்ன இட்டுக்கினு பழவேற்காட்டுக்குப் போயிடறேன்."

பழவேற்காடு அவளுடைய அம்மா வீடு. நைனா இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் அந்த வாசனை எண்ணெயை நானும் நம்பவில்லை.

விசாரிக்காமல் அம்மா எதையும் செய்யமாட்டாள். மறுநாள் காலையில் என்னோடு கொட்டாய்க்கே போய் நின்றாள். ஆபரேட்டர் வெளியே உட்கார்ந்து அறுந்த பிலிமை ஒட்டிக்கொண்டிருந்தார். குடைப் பாட்டு என்று ஒன்று உண்டா என்று கேட்டாள்.

"இருந்துச்சும்மா. ரெண்டாவது வாரம் ஆட்டம் சீக்கிரம் முடியணும்னு பாட்ட வெட்டிடுவோம்" என்றவர், டப்பாவிலிருந்து ஒரு துண்டை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். சின்னச் சின்னக் கட்டங்களில், ஒரே குடைக்குள் நாலு பேர்.

அம்மா அதைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் அவள் முகம் தெளிந்தது. எனக்குக் குதிக்கவேண்டும் போலிருந்தது. நைனா பொய் சொல்லவில்லை.

வந்த காரியம் முடிந்ததும் அம்மா பேசாமல் கிளம்பியிருக்கலாம். சந்தோஷத்தில் வாய் நீண்டுவிட்டது.

"எங்க ஊட்ல ஒருத்தரு இந்தப் பாட்டுக்கே உசுர வுடறாரு. காக்கிச் சட்ட, இரும்புக் கம்பெனி" என்றாள். புருஷன் பேரை மட்டுமல்ல, புருஷன் என்ற வார்த்தையையே வெளியாட்களிடம் சொல்லக் கூசுகிறவள் அவள்.

"அவரா? நல்லாத் தெரியுமே. மொதல்ல தனியா மண்ணுலதான் குந்துவாரு. இப்ப சம்சாரத்த இட்டுக்கினு வர்றாரு, அதனால சேர் டிக்கெட்டு. அந்தம்மாவும் போன வாரம் இந்தப் பாட்டுக்கு அப்படிச் சிரிச்சுது" என்றார் ஆபரேட்டர். பிறகு மரியாதையாகக் கேட்டார். "நீங்க அவருக்குத் தங்கச்சிங்களா?"

அம்மா பிலிம் துண்டை அவரிடமே கொடுத்தாள்.

"ஆமா" என்றாள்.

நாங்கள் பழவேற்காட்டுக்குப் போகவில்லை. அன்றைக்கும் நைனா தாமதமாகத்தான் வந்தார். அம்மா சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். எங்கே போயிருந்தாய் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை.