பத்துக் குடுவை வெறுந்தண்ணீர்

1994ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில், கிராட்ஸ் நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில், வால்புர்கா செக்னரை எகோன் லாமர் முதன்முதலாகக் கண்டார். ஆய்வுக்கூட உதவியாளரான அந்த அம்மையார் முழங்கைவரை சோப்பு நுரையோடு நின்றிருந்தார். மதிய ரொட்டியில் ஊற்றிக்கொள்ளும் பூசணிவிதை எண்ணெய் ஒளிரக்கூடியது; அதில் ஒரு துளியும் ஒளியைக்கொண்டு அளக்கும் தம் கருவிகளை அண்டலாகாது என்பது அவர் சட்டம்.

"புது டாக்டரா? கையக் காட்டுங்க."

ஏறத்தாழ அவர் வயதே ஆன லாமர், பள்ளிப்பிள்ளைபோல் இரு கைகளையும் நீட்டினார்.

நீரிலுள்ள அம்மோனியாவைக் கண்டறியும் உணரி ஒன்றை லாமர் உருவாக்கியிருந்தார். கண்ணாடி இழையின் நுனியில் பொட்டளவு மென்படலம். அம்மோனியா பட்டால் அதன் ஒளி மங்கும். டிரவுட் மீன்பண்ணைக்காரர் ஒருவர் அதை வாங்கக் காத்திருந்தார். லிட்டருக்கு இருபது மைக்ரோகிராமைத் தாண்டினால் அவருடைய குஞ்சுகளுக்கு ஆபத்து. அதற்கு முன்பே உணரி எச்சரித்தாக வேண்டும். பண்ணைக்காரர் மறுத்துவிட்டால், வசந்தத்தோடு லாமரின் வேலையும் போய்விடும்.

அம்மோனியா இல்லாத வெறுந்தண்ணீரில் லாமர் பத்து முறை அளந்தார். அளவுகள் எவ்வளவு தடுமாறுகின்றனவோ, அதன் மும்மடங்கே உணரியின் எல்லை. அதற்குக் குறைவானது அதன் கண்ணில் படாது. எல்லை நான்கு மைக்ரோகிராம் என வந்தது. லாமர் பூரித்துப்போனார். செக்னர் பதிவேட்டைப் புரட்டினார்.

"டாக்டர், பத்தும் ஒரே தண்ணிதானே?"

"ஆமா."

"ஒரே பொட்டு? நடுவுல வெளிய எடுக்கவே இல்ல?"

"எதுக்கும்மா எடுக்கணும்? ஆடாம அசையாம இருந்ததாலதான் இவ்ளோ நல்ல எண் வந்திருக்கு."

"தூங்குற புள்ளையப் பத்து தடவ எட்டிப் பாத்துட்டு, சேட்டையே பண்ணாத புள்ளன்னு சொல்றீங்களே! பண்ணைக்காரர் மாசாமாசம் பொட்ட மாத்துவாரே, அப்போ?"

லாமருக்குச் சுருக்கென்றது.

"வெள்ளிக்கெழம அறிக்கை போகணும், செக்னரம்மா."

"இன்னிக்குப் புதன்தானே. பத்துக் குடுவைய நான் கழுவறேன். பத்துப் பொட்ட நீங்க ஒட்டுங்க."

பத்துக் குடுவைகளில் தனித்தனியே வெறுந்தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் ஒரு புதுப் பொட்டு. இம்முறை எல்லை முப்பத்தொன்று.

லாமர் அறிக்கைத் தாளை எடுத்தார். நான்கு என்று எழுதினால் கேட்பார் எவருமில்லை. செக்னர் குடுவைகளைத் துடைத்து அடுக்கினார். லாமர் முப்பத்தொன்று என்றே எழுதி அனுப்பினார்.

பண்ணைக்காரர் தொலைபேசியில் சிரித்தார்: "ஐயா, உங்க கருவிக்கு முன்னாடி என் மீனுக்கே தெரிஞ்சிடுமே! சரி, உண்மையச் சொன்னீங்க. வசந்தம் வரைக்கும் பாக்கறேன்."

பொட்டுகள் ஒன்றுக்கொன்று தடிமனில் மாறுபட்டதே கோளாறு. குளிர்காலம் முழுவதும் இருவரும் அவற்றைத் திரும்பத் திரும்ப வார்த்தார்கள். மார்ச் மாதத்தில் எல்லை பதினான்காக இறங்கியது. உணரி பண்ணைக்குப் போயிற்று. லாமரும் கிராட்ஸிலேயே தங்கினார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின், ஒரு பிற்பகலில், மருத்துவமனைக் கட்டிலருகே லாமர் அமர்ந்திருந்தார். செக்னரின் விரலில் இரத்தத்திலுள்ள ஆக்சிஜனை ஒளியால் அளக்கும் கவ்வி ஒன்று மாட்டியிருந்தது.

"தொண்ணூத்தி ரெண்டு. காலையிலேருந்து மாறவே இல்ல, நல்லாருக்கு" என்று செவிலி சொல்லிவிட்டுப் போனார்.

செக்னர் லாமரைக் கடைக்கண்ணால் பார்த்தார். அவர் லாமரிடம் கடைசியாகக் கேட்டுக்கொண்டது இதுதான்:

"டாக்டர், மொதல்ல போயி கையக் கழுவிட்டு வாங்க. அப்புறம் இதக் கழட்டிக் கழட்டி மாட்டுங்க. பத்து தடவ."