செம்பவாங் தொலைபேசியில் லாக் அட்டவணை

இந்த ஊர்க் கோப்பிக் கடைகளில் தொலைபேசி கல்லாவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். பத்துக் காசு போட்டால் யாரும் பேசலாம். ஊரில் டிரங்க் கால் போட்டுவிட்டுத் தபால் நிலையத்தில் தவம் கிடக்கும் நீங்கள் நம்பமாட்டீர்கள். எழுபதுகளின் கடைசியில், செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தபோது, அந்தத் தொலைபேசியால்தான் படித்தேன். அதனால்தான் அடியும் வாங்கினேன்.

அஞ்சல்வழியில் டிப்ளமோ. கூடப் படித்த ஸ்டெல்லா புக்கிட் மேராவில் இருந்தாள். மாதா கோயிலில் பழக்கம். பொம்பளைக்கு எதற்குப் படிப்பு என்று அவளுடைய அண்ணன் அவளை அறைந்து, புத்தகங்களைக் கிழித்து அடுக்குமாடி வீட்டுக் குப்பைக் குழாயில் கொட்டிவிட்டான். பரீட்சையே வேண்டாம் என்று அழுதாள். தொலைபேசியிலேயே படிக்கலாம் என்றேன். சனிக்கிழமைகளில் அவள் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மாவின் தொலைபேசிக்கு வருவாள். நான் கோப்பிக் கடையிலிருந்து கூப்பிட்டு, என் லாக் அட்டவணையை, அதாவது மடக்கைப் புத்தகத்தைப் பார்த்து மதிப்புகளைச் சொல்லுவேன். அவள் கணக்குப் போடுவாள்.

ஒரு சனிக்கிழமை, “மூணுக்கு நாலு, ஏழு, ஏழு, ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து ஒருவன் என் சட்டையைப் பிடித்தான். அந்த வட்டாரத்தில் திருட்டுத்தனமாக நாலு நம்பர் லாட்டரி எழுதும் கும்பல் அவனுடையது.

“யாருக்குடா நம்பர் எழுதுற? இது எங்க கடை லா.”

“அண்ணே, இது படிப்புண்ணே, பாருங்க” என்று புத்தகத்தை விரித்துக் காட்டினேன். என்னைவிட முட்டாள் உண்டா? பக்கம் முழுக்க நாலு நாலு இலக்கமாக எண்கள்!

நாற்காலி என் இடது காதில் இறங்கியது. கீழே விழுந்தவனை இரண்டு பேர் மிதித்தார்கள். “விடுங்கடா, படிக்கிற புள்ளடா!” என்று கத்திய கடைக்காரரை, எல்லாரும் நானா என்று கூப்பிடும் முஸ்லிம் பெரியவரை, தள்ளிவிட்டார்கள். போகும்போது அட்டவணையையும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தொங்கிய ரிசீவரில் ஸ்டெல்லா அலறிக்கொண்டிருந்தாள். எடுத்து வலது காதில் வைத்தேன்.

“எல்லாத்தையும் கேட்டேன். போதுங்க, எனக்கு இந்தப் படிப்பே வேணாம்.”

மாதக்கணக்கில் சொல்லிச் சொல்லி அந்த எண்கள் எனக்கு மனப்பாடமாகியிருந்தன. வாயிலிருந்த ரத்தத்தைத் துப்பினேன்.

“எழுதுங்க.”

“அழுகையா வருது, எழுத முடியல.”

“அழுதுக்கிட்டே எழுதுங்க. ரெண்டுக்கு மூணு, சீரோ, ஒண்ணு, சீரோ.”

நானா இன்னொரு பத்துக் காசைப் போட்டார்.

இருவரும் தேறினோம். இடது காதுக்குக் கேட்கும் சக்தி திரும்பவில்லை. ஊரில் அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. சென்ற முறை போனபோது, என் இடப்பக்கம் உட்கார்ந்து வெகுநேரம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.