கப்பல் வரும் வழியில் நின்ற மோட்டார்

போன வருடம் மாசி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மலேசியாவின் போர்ட் கிள்ளானில் ஆறு கடலோடு சேரும் இடத்தில் நடந்தது இது.

நான் நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லோரிக்கு அடியில் படுத்துத் தொழில் கற்று, இன்று கிள்ளானில் சொந்தப் பட்டறை, சொந்த வீடு, சொந்தப் படகு என்று இருக்கிறேன். சத்தத்தை வைத்தே எஞ்சினின் நோயைச் சொல்லிவிடுவேன். தூரத்துப் பந்திங் ஊரிலிருந்துகூட என்னைத் தேடி லோரி வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், ஆனால் உண்மை.

படகுக்குப் புது மோட்டார் மாட்டியதும், பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கும் என் சம்பந்தியை மீன் பிடிக்க அழைத்தேன். மனைவியும் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலங்களோடு ஏறிக்கொண்டாள். புது வண்டியைப் பூசை போடாமல் நம்மில் யார் எடுப்பார்கள்? தேங்காய் உடைத்து, மோட்டாருக்கு மாலை போட்டு, சந்தனத்தைக் குழைத்து மோட்டார் தலையிலும் பெட்ரோல் டாங்கி மூடியிலும் அப்பினேன். எதையும் கஞ்சத்தனமாகச் செய்து எனக்குப் பழக்கமில்லை.

கரையை விட்டுக் கொஞ்ச தூரம் போனதும், "கேளுங்க சம்பந்தி, தையல் மிஷின் மாதிரி ஓடுது லா!" என்று நான் சொல்லி முடிக்கவில்லை. மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டு நின்றது.

கயிற்றை இழுத்தேன், இழுத்தேன், தோள் கழன்றதுதான் மிச்சம். கழன்றால் மோட்டாரை நிறுத்திவிடும் சிவப்புப் பாதுகாப்பு கிளிப் சரியாக மாட்டித்தான் இருந்தது. பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். நெருப்புப் பொறி நன்றாக வந்தது. பெட்ரோல் குழாயின் நடுவில், அமுக்கிப் பெட்ரோலை ஏற்றுவதற்கென்று இருக்கும் ரப்பர் உருண்டை மட்டும் சப்பிப்போய்க் கிடந்தது. அதைப் பார்த்ததுமே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். எங்கே விளங்கும்? கை வேலை செய்ய, வாய் சம்பந்திக்கு எஞ்சின் பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

நீர் வடியும் நேரம் அது. பெரிய கப்பல்கள் போகும் வழிக்கே படகு இழுத்துக்கொண்டு போனது. நங்கூரம் போட்டேன், கயிறு ஆழத்தில் அடித்தரைக்கு எட்டவில்லை. படகு கட்டும் ஜெட்டிக்குப் போன் போட்டேன். ஆள் வர நேரமாகும் என்றார்கள். அப்போதுதான் கேட்டது அந்த ஹாரன். அடுக்குமாடி வீடு போல ஒரு கண்டெய்னர் கப்பல் வந்துகொண்டிருந்தது.

"எனக்கு நீச்சல் தெரியாது சம்பந்தி," என்றார் அவர்.

"அதான் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கீங்களே, பயப்படாதீங்க."

"அது அந்தக் கப்பலுக்குத் தெரியுமா?"

என் வாய் அடைத்துப்போனது. "பெட்ரோலாவது ஊத்துனீங்களா இல்லையா?" என்றபடி மனைவி டாங்கி மூடியைத் திருகினாள். ஸ்ஸ்ஸ் என்று டாங்கி காற்றை உள்ளே இழுத்தது. அந்தச் சத்தம் போதும் எனக்கு. மூடியைப் பிடுங்கிப் பார்த்தேன். நான் அப்பிய சந்தனம் வெயிலில் காய்ந்து, மூடியில் இருந்த காற்றுத் துளையை அடைத்திருந்தது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் எப்படி வெளியே வரும்?

"பால் டின்னுக்கே ரெண்டு ஓட்டை போடணும்னு எனக்குத் தெரியுது. நீங்க பெரிய மெக்கானிக்!" என்றாள்.

பதில் சொல்ல நேரமில்லை. மூடியைத் தளர்வாக வைத்து உருண்டையை அமுக்கினேன், உப்பிக்கொண்டு வந்தது. இரண்டாவது இழுப்பில் மோட்டார் உறுமியது. ஒரே ஓட்டமாகக் கரைப்பக்கம் வந்து திரும்பிப் பார்த்தால், நாங்கள் மிதந்த இடத்தைக் கப்பல் மெதுவாகத் தாண்டிக்கொண்டிருந்தது. அது கிளப்பிய அலையில் மூவரும் தொப்பலாக நனைந்தோம். முதலில் சிரித்தது சம்பந்திதான். "அடுத்த ஞாயிறு பாசார்ல போய் மீன் வாங்கிக்கலாம் சம்பந்தி," என்றார்.

இன்றைக்கும் நோய் பிடிபடாத லோரி பட்டறைக்கு வந்தால் நான் முதலில் நிறுத்துவது என் பேச்சைத்தான். அன்று பயத்தில் நான் வாயடைத்து நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில்தானே டாங்கி சொன்னது என் காதில் விழுந்தது.