மார்கழியில் விரால் எடுக்காது

தூண்டில் கடைக்காரனிடம் மீன் இருக்காது. மீன் எப்போது எடுக்கும் என்ற கேள்வி மட்டும் வருஷம் முழுக்க வந்துகொண்டே இருக்கும்.

தொண்ணூறுகளில் மயிலாப்பூரில், கோயில் குளத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு பாத்திரக் கடைக்கும் ஓர் அப்பளக் கடைக்கும் நடுவே எங்கள் கடை இருந்தது. முள், ஈயம், தக்கை, தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு, ரீல் வைத்த கம்பு எல்லாம் கிடைக்கும். மண்புழு டப்பாவை மட்டும் கல்லாவுக்குக் கீழே ஒளித்து வைத்திருப்பேன். அப்பளக் கடை மாமி கண்ணில் பட்டால் அன்றைக்கு அவருக்கு வியாபாரம் படுத்துவிடுமாம், சண்டைக்கு வந்துவிடுவார். கடையில் என்னைத் தவிர தனம் இருந்தாள். சைதாப்பேட்டை ஆற்றோரத்திலிருந்து வருவாள். மூலையில் உட்கார்ந்து நரம்பில் முள் கட்டுவதுதான் அவள் வேலை. வாய் சும்மா இருக்காது.

தக்கையைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனவர்கள், அவர்களுக்குச் சோறு கட்டிக் கொடுத்துவிட்டு வெறும் பையோடு திரும்பி வருவதைப் பார்த்து அலுத்தவர்கள், இரண்டு சாராருமே எனக்கு உறவுக்காரர்கள்தான். உங்களிடம் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

உலுக்கல்

சித்திரை, வைகாசியில்தான் கடைக்குக் கூட்டம் வரும். செம்பரம்பாக்கம் ஏரி வற்றி உள்வாங்கியிருக்கும். மீனெல்லாம் மிச்சமிருக்கும் தண்ணீரில் நெருங்கிக் கிடக்கும். விரால் வேறு, மூச்சுவிட மேலே வந்துதான் ஆக வேண்டும். எங்கே இருக்கிறது என்று அதுவே காட்டிக் கொடுத்துவிடும். காலையில் திறந்த தண்ணீரில், வெயில் ஏறியதும் தாமரை இலை நிழலில். இது தெரிந்தால் போதும், பாதி மீன் பிடித்த மாதிரி. மீதிப் பாதியில்தான் எல்லோரும் கோட்டை விடுவார்கள்.

அந்த மீதிப் பாதியைச் சொல்லிக் கொடுக்க எங்கள் கடையில் சம்பளமில்லாத ஆள் ஒருவர் இருந்தார். தேவசகாயம் சார், மந்தைவெளிக்காரர், ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை சாயங்காலம் ஒரு பாக்கெட் முள் வாங்க வருவார், கடை மூடும்வரை ஸ்டூலை விட்டு எழுந்திருக்க மாட்டார். என்னைக் கேட்கும் கேள்விக்கெல்லாம் அவர் பதில் சொல்லுவார். எனக்குச் சில நாள் எரிச்சலாகக்கூட இருக்கும்.

ஒருநாள் தி.நகரிலிருந்து ஒருவர் கம்பைத் தூக்கிக்கொண்டு வந்து, நீங்கள் கொடுத்த முள் சரியில்லை, மூன்று விரால் கடித்துவிட்டுப் போய்விட்டது என்று சத்தம் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சார் அவரைப் பக்கத்தில் கூப்பிட்டு, கடித்ததும் என்ன செய்தீர்கள் என்று விசாரித்தார். உடனே வெடுக்கென்று இழுத்தேன் என்றார் அவர். சார் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"முதல்ல ஒரு உலுக்கு வரும். அப்புறம் நிக்கும், ஒண்ணுமே இருக்காது. அதுக்கப்புறம்தான் வண்டி கெளம்பும். உலுக்குனப்பவே கொடிய ஆட்டுனா எப்படி சார்?"

லைப்ரரி

ஆடி மாதம் எங்கள் தொழிலுக்கு ஆகாது. காற்றில் ஏரி முழுக்க அலை. தக்கை சும்மாவே ஆடிக்கொண்டிருக்கும், மீனா காற்றா என்று தெரியாது. கரை மறைவில் காற்று அடங்கிய பக்கமாகப் போய் உட்கார வேண்டும். நீலகண்டன் மாமா மட்டும் காற்றுக்கு எதிராகத்தான் உட்காருவார், ஒவ்வோர் அலைக்கும் இழுப்பார்.

மாமா ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். பழைய ஃபியட் கார் வைத்திருந்தார். மீனை வாயில் வைத்ததில்லை, வைக்கப்போவதும் இல்லை. பிடிப்பார், முள்ளைக் கழற்றுவார், திரும்ப ஏரியில் விடுவார். இந்த விஷயம் வீட்டுக்குத் தெரியக் கூடாது என்பதால் அவருடைய கம்பு எங்கள் கடையில்தான் இருக்கும். கம்போடு ஒரு நூலகப் புத்தகமும் இருக்கும். ஏரியிலிருந்து திரும்பும்போது கம்பை வைத்துவிட்டுப் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவார். தேவசகாயம் சாரும் அவரும் எலியும் பூனையுமாகச் சண்டை போடுவார்கள், ஆனால் ஒருவர் வராவிட்டால் மற்றவர் ஏரிக்குப் போக மாட்டார்.

அந்த ஆடியில் மாமா ஒருநாள் முகம் வாடி வந்தார். என்ன ஆச்சு என்று கேட்டோம்.

"லைப்ரரி போறேன்னு சொல்லிண்டு வரேனோல்லியோ, நேத்திக்கு ஆத்துல கேட்டுட்டா, இவ்ளோ நாளா படிக்கறேளே, கதைய எனக்கும் சொல்லுங்கோன்னு. ரெண்டு மாசமா அதே பொஸ்தகம். நான் மொத பக்கமே படிக்கலைப்பா."

சிவப்புக் கூட்டம்

ஐப்பசி மழையில் புதுத்தண்ணி வந்ததும் ஏரிக்கு உயிர் வந்துவிடும். கெண்டையும் கெளுத்தியும் ஓடைத் தண்ணீரை எதிர்த்து ஏறும். மழை கொஞ்சம் விட்டதும், புல் ஓரமாகத் தண்ணீரின் மேல் சிவப்பாக ஒரு கூட்டம் கொதிக்கிற மாதிரி நகரும். அது விரால் குஞ்சு. கீழே தாயும் தகப்பனும் காவல் இருக்கும். அந்தக் கூட்டத்தின் நடுவே எதைப் போட்டாலும் பெரிய விரால் பாய்ந்து வந்து கடிக்கும். புழு வேண்டாம், தவளை வேண்டாம், வெறும் துணியைக் கட்டிப் போட்டாலும் கடிக்கும். வருஷம் முழுக்க ஒரு மீனும் பிடிக்காதவன்கூட அந்த மாதத்தில் பிடித்துவிடலாம். பெரியது போனதும் அந்தக் குஞ்சுகளை மற்ற மீன்கள் ஒரே நாளில் தின்று தீர்த்துவிடும்.

அடையாறிலிருந்து வந்த ஒருவர் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்து வைத்துவிட்டு, பெரிய முள்ளாகக் கொடுங்கள் என்று அவசரப்பட்டார். நான் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தும்விட்டேன். தேவசகாயம் சார் ஸ்டூலிலிருந்து எழுந்தார். வந்தவர் கையிலிருந்த பாக்கெட்டை வாங்கி டிராயரில் போட்டு மூடினார். வந்த வியாபாரத்தைக் கெடுக்கிறாரே என்று எனக்குக் கோபம்தான். சார் கோபப்படவில்லை, குரல்கூட உயரவில்லை.

"அது பசியில கடிக்கல சார். புள்ளைங்க மேல என்னமோ வந்து விழுதேன்னு கடிக்குது. அதப் பிடிச்சிட்டு, மீன் பிடிச்சேன்னு வெளிய சொல்லிக்காதீங்க."

ஒரே ஓர் இழுப்பு

கார்த்திகையில் இரண்டு சனிக்கிழமை ஸ்டூல் காலியாக இருந்தது. மூன்றாவது சனிக்கிழமை தேவசகாயம் சாருடைய மகன் பிரபு வந்தான். தி.நகரில் ஒரு டிராவல்ஸில் வேலை, தூண்டிலைக் கையால் தொட்டதில்லை. அப்பாவின் இந்தப் பைத்தியம் அவனுக்குப் பிடிக்காது என்று சாரே சொல்லியிருக்கிறார்.

சாருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டதாம். பேச்சு மட்டும் குழறலாகத் திரும்பியிருக்கிறது. இன்னொரு தடவை வந்தால் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சார் எதற்கும் ஆசைப்படவில்லை. ஒரே ஓர் இழுப்பு, விரால் இழுக்கிற இழுப்பு, அதை இன்னொரு தடவை கையில் பார்க்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். எப்போது கூட்டிக்கொண்டு போகலாம் என்று பிரபு கேட்டான்.

மார்கழி பிறக்கப்போகிறது. ஏரி தளும்பிக்கொண்டிருக்கிறது, தண்ணீர் சில்லிட்டுக் கிடக்கிறது. விரால் அடியில் போய்ப் படுத்துவிடும்; மூக்குக்கு நேரே இரையைக் காட்டினாலும் திரும்பிப் பார்க்காது. பங்குனி வரட்டும் தம்பி என்று சொன்னேன். பங்குனி வரைக்கும் அப்பா இருப்பாரா என்று கேட்டான். மூலையில் முள் கட்டிக்கொண்டிருந்த தனம்தான் தலையைத் தூக்கினாள்.

"மீனு எடுக்கலன்னா இன்னாண்ணா? சைதாப்பேட்ட மார்க்கெட்டாண்ட தொட்டில உசுரோட நீந்திக்கினு கீது. ஒண்ணு வாங்கியாந்து நாமளே மாட்டி உட்டா போச்சு. அவருக்கு இழுப்புதானே வோணும்?"

ஃபியட்டில் வந்த விரால்

எனக்கு அரை மனதுதான். ஆனால் பிரபுவின் முகத்தைப் பார்த்தபின் மறுக்க முடியவில்லை. மார்கழி பிறந்ததும் நல்ல தடித்த விராலாகப் பார்த்துத் தனம் வாங்கி வந்தாள். நீலகண்டன் மாமா தன்னுடைய ஃபியட்டைக் கொண்டுவந்தார். முட்டைகூட ஏறியிராத வண்டி அது. டிக்கியில் ஈரச் சாக்கு போட்டு மூடிய வாளியை அவரே தூக்கி வைத்தார். வழி நெடுக வாளியில் தண்ணீர் சளசளக்கும்போதெல்லாம் சாருக்குக் கேட்காமல் இருக்க மாமா சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தார்.

செம்பரம்பாக்கத்தில் உச்சி வெயில் நேரத்தில் சாரை மடக்கு நாற்காலியில் கரையோரம் உட்கார வைத்தோம். இடது கையில் கம்பு. அடிக் கட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து முள் கோரையில் சிக்கிவிட்டது என்று சொல்லிவிட்டுப் பிரபு தண்ணீரில் இறங்கினான். வாளியை நான் முன்பே கோரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்திருந்தேன். பழக்கமில்லாத கை, விரால் வழுக்குகிறது, முள் அவன் விரலில்தான் முதலில் ஏறியது. தொடையளவு தண்ணீரில் குனிந்தபடி வெகுநேரம் போராடினான். இங்கே மாமா சாரிடம் ஏதோ பழைய ரயில் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் பிரபு மீனை விட்டான்.

நரம்பு விறைத்தது. கம்பு வளைந்தது. சார் ஒரு கணம் அப்படியே இருந்தார். பிறகு கம்பைத் தாழ்த்தி ஓட விட்டார், நிமிர்த்தினார், மறுபடி ஓட விட்டார். ஒற்றைக் கையில் அவ்வளவு அழகாக ஒருவர் மீனை ஆட்டி நான் பார்த்ததில்லை. விரால் கரைக்கு வந்து வாயைப் பிளந்தது. நரம்பை வெட்டச் சொன்னார். வெட்டினேன், மீன் கோரைக்குள் போய்விட்டது. அவர் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. மாமா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிரபு குளிரில் பல் கிட்டிக்க நின்றுகொண்டு சிரித்தான். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மந்தைவெளியில் அவரைத் தூக்கிக் கட்டிலில் படுக்க வைத்தேன். பிரபு ஈரப் பேன்ட்டை மாற்ற உள்ளே போயிருந்தான். சார் என் சட்டையைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார்.

"மார்கழியில வெரால் எடுக்காது தம்பி. எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிய வேணாம். அவ்ளோ நேரம் குளுருல தண்ணிக்குள்ள நின்னானே, ஒரு டீயாச்சும் வாங்கிக் குடுத்தீங்களா?"

பங்குனி

சார் மாசியிலேயே போய்விட்டார். கீழ்ப்பாக்கத்தில் அடக்கம் செய்தார்கள். மாமா அன்றைக்கு வீட்டில் லைப்ரரி என்று சொல்லவில்லையாம், சிநேகிதன் செத்துப்போய்விட்டான் என்று சொல்லிவிட்டு வந்தாராம். தனம் சனிக்கிழமைகளில் அந்த ஸ்டூலைத் துடைத்து வைப்பாள், யாரையும் உட்கார விடமாட்டாள்.

பங்குனியில் ஏரி இறங்கியது. தாமரை ஓரத்தில் விரால் தலை காட்ட ஆரம்பித்தது. கூட்டமும் வந்தது. ஒருநாள் பிரபு அப்பாவின் கம்பை எடுத்துக்கொண்டு வந்து, நரம்பு பழசாகிவிட்டது, புதுசு போட்டுக் கொடுங்கள் என்றான். போட்டுக் கொடுத்தேன். எங்கே போகிறாய் என்று நான் கேட்கவில்லை. ஏரிக்குக் கிளம்புகிறவனை அப்படிக் கேட்பது எங்கள் கடையில் வழக்கமில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்தான். கையில் மீன் இல்லை, முகத்தில் வெயில் ஏறியிருந்தது. ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றான். தனம், உட்காரு நைனா என்று சொன்னாள். உட்கார்ந்தான். தன் இடது கையை விரித்துப் பார்த்தபடி பேசினான்.

"ஒண்ணு எடுத்துச்சுண்ணே. முதல்ல ஒரு உலுக்கு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. அதுக்கப்புறம்தான் கெளம்புச்சு. அன்னிக்கு நான் மாட்டி விட்டதுல அந்த உலுக்கே இருந்திருக்காதே. அப்பாவுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கும், இல்ல?"

மீன் எப்போது எடுக்கும் என்று கேட்டால் மாதத்தைப் பார்த்துப் பட்டென்று சொல்லிவிடும் நான், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் எதிர்க் கடையில் அவனுக்கு ஒரு டீ சொன்னேன்.