மந்தாரைக்கு ஊற்றிய தண்ணீர்

முதலில் செருப்புதான் காட்டிக்கொடுத்தது. நேற்று வரை சரியாக இருந்த வார், காலையில் பாதத்தில் ஏறவில்லை. உப்பைக் குறைத்தால் வீக்கம் வற்றிவிடும் என்று, வேதியியல் வாத்தியாரான நானே எனக்கு வைத்தியம் பார்த்து ஆறு மாதத்தை வீணடித்தேன். உங்கள் கால் வீங்கினால் அந்தப் புத்திசாலித்தனம் வேண்டாம்.

தஞ்சாவூரில் பரிசோதித்தபோது இரண்டு சிறுநீரகங்களும் போயிருந்தன. இதயம் பலவீனம் என்பதால் மாற்றுச் சிறுநீரகமும் பொருத்த முடியாது. வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் (இயந்திரம் ரத்தத்தைச் சுத்தம் செய்து, தேங்கிய நீரையும் எடுப்பது). ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான் தண்ணீர்; காபி, மோர், ரசம் எல்லாம் அதற்குள். ஆற்றுப் பாசனத்தில் வளர்ந்தவனுக்கு இதைவிடத் தண்டனை இல்லை.

வீட்டுக்குள் கிடந்து குமைகிறேன் என்று மனைவி விமலா ஒரு வெள்ளை மந்தாரைக் கன்றை வாங்கி வாசலில் வைத்தாள். ஆள் உயரத்துக்குச் சற்று மேல் வளரும், வீட்டுக்கு அடக்கமான பூமரம். தண்ணீர் ஊற்றுவது என் வேலை. எங்கள் மனை வயலில் மண்ணடித்து மேடாக்கியது. ஒரு முழம் தோண்டினால் களிமண். இலை மஞ்சளானது, ஊற்றினேன். உதிர்ந்தது, இன்னும் ஊற்றினேன். எது வாடினாலும் தண்ணீர் கட்டித்தான் எங்களுக்குப் பழக்கம்.

டாக்டர் என் எடையைப் பார்த்தார். “ரெண்டே நாள்ல நாலு கிலோ ஏறியிருக்கீங்க சார். இது சதை இல்ல, தண்ணி. நுரையீரல்ல கோக்குது. எப்படி?”

“நான்தாங்க டாக்டர் அளந்து குடுக்குறேன்” என்றாள் விமலா. சத்தியம் செய்யாத குறை.

அந்த வாரமே கன்றை விற்ற நர்சரிக்காரர் வந்து அதைப் பிடுங்கிக் காட்டினார். வேர் கறுத்து, அழுகி நாறியது.

“களியில தண்ணி நிக்குதுங்க. வாரத்துக்கு ரெண்டு தடவ போதுமே.”

“தினம் மூணு தடவ ஊத்துனாருங்க…” என்ற விமலா, பாதியில் நிறுத்தி என்னைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் ஹோஸில் வாய் வைத்துக் குடித்திருந்தேன்.

நர்சரிக்காரர் போன பிறகு, “என்கிட்ட கேட்டிருக்கலாம்ல” என்றாள்.

“கேட்டா குடுப்பியா?”

அவள் அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அப்போதும் தாகமாகத்தான் இருந்தது.

நுரையீரலில் நீர் கோத்து, இப்போது படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே தூங்குகிறேன். டயாலிசிஸ் முடிந்ததும் உடம்பு லேசாகும், மறுநாளே கனக்கத் தொடங்கும். கிழமைகளை அந்தக் கனத்தை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறேன். இது தேறாது என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

விமலா என் எதிரில் தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். கொல்லைப்பக்கம் போய்க் குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். அவள் விழுங்கும் சத்தம் எனக்குக் கேட்கிறது.