வீட்டில் எத்தனை பேர்?

முன்பின் தெரியாதவர் வீட்டு கேட்டுக்கு வெளியே வெயிலில் நின்று, "உங்க வீட்டுல எத்தனை பேரு?" என்று கேட்பதுதான் என் பிழைப்பு. கள ஆய்வாளர் என்று கழுத்தில் அட்டை தொங்கும். கையில் டேப்லெட்டோடு நாய்க்குப் பயந்து நின்ற அனுபவம் உங்களுக்கும் இருந்தால் நீங்களும் நம்ம ஆள்தான். என் மனைவி ஜெசிந்தா கடலுக்கு அப்பால் மலேசியாவின் சபா மாநிலத்தில் கணக்கு டீச்சர். நான் இருக்கும் பினாங்குக்கு மாற்றல் கேட்டு வருடா வருடம் விண்ணப்பிக்கிறாள். அவள் இல்லாத வீட்டில் உட்கார முடியாமல்தான் பாதி நாள் அடுத்தவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஒன்று முதல் ஐந்து வரை

லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடை அக்கா. வாழ்க்கையில் எவ்வளவு திருப்தி என்று ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண் சொல்ல வேண்டும். பத்து விநாடி வேலை. அக்கா மடித்த புடவையையே மறுபடியும் மடித்தார். அவர் மகள் மெல்பர்னில் படிக்கிறாளாம். எண்ணை இரண்டு தடவை கேட்டுவிட்டேன். கைப்பேசியை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"மக கால் பண்ணுனா அஞ்சு, பண்ணலன்னா ரெண்டு. இன்னிக்கு இன்னும் பண்ணல, நீ சாப்பிட்டுட்டு வா லா."

படிக்காத பதில்

பத்து காவான் என்ற ஊரில் ஓர் அம்மா, வீட்டில் நாலு பேர் என்றார். பெயர் கேட்டால், நாலாவது ஆள் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகன். ஆறு மாதமாக இந்த வீட்டில் தூங்காதவரை எண்ணக் கூடாது என்பது எங்கள் விதி. மனசே இல்லாமல் மகன் பெயரைப் பட்டியலிலிருந்து எடுத்தேன்.

போனவருக்கென்று தனிக் கேள்வி உண்டு. எப்போது திரும்பி வருவார்? ஒரு வருடத்துக்குள், மூன்று வருடத்துக்குள், அதற்கும் மேல். கடைசியில் 'தெரியாது' என்று இன்னொரு கட்டமும் இருக்கிறது. அதை வாய்விட்டுப் படிக்க மாட்டோம். படித்தால் எல்லாரும் அதில் போய் ஒளிந்துகொள்வார்கள். அவர்களாகச் சொன்னால் மட்டுமே குறிப்போம். நான் முதல் பதிலைப் படித்ததுமே அம்மா கையைக் காட்டி நிறுத்தினார்.

"அதையே போட்டுரு தம்பி. மத்தத எல்லாம் என்கிட்ட படிக்காத."

நாற்பது நிமிடப் பதிவு

சில ஆய்வுகளில் எண்ணே கிடையாது. ஆளைப் பேசவிட்டுப் பதிவு செய்ய வேண்டும். அவர் பேச்சை நிறுத்தினாலும் நாம் வாயைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் நாசி கண்டார் சோற்றுக் கடையில் வேலை செய்யும் ஒருவர், குடும்பம் ராமநாதபுரத்தில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. விமான நிலையத்தில் ஜெசிந்தா திரும்பிப் பார்க்காமல் போவது, மழை வந்தால் சபாவுக்குப் போன் லைன் கிடைக்காமல் போவது என்று ஆரம்பித்துவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். ஆபீசில் பதிவுகளைச் சரிபார்க்கும் கவிதா, முழுவதையும் கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றினாள்.

"அண்ணே, இதுல பேட்டி கொடுத்தது அவரா, நீங்களா?"

ஒத்திகை

ஒவ்வொரு வருடமும் புதுக் கேள்வித்தாள் வந்ததும், களத்துக்குப் போகுமுன் ஆபீசில் ஒருவரை ஒருவர் கேட்டுப் பழகுவோம். உண்மையான பதிலைத்தான் சொல்ல வேண்டும். மற்ற கேள்விகள் மாறினாலும் முதல் பக்கம் மாறாது. இந்த முறை என்னைக் கேட்டது கவிதா. அன்று காலைதான் ஜெசிந்தா போன் செய்து, இந்த வருடமும் மாற்றல் கிடைக்கவில்லை என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

வீட்டில் எத்தனை பேர் என்றாள் கவிதா. இரண்டு என்றேன். அவள் நான் பழக்கிய ஆள். ஆறு மாத விதிப்படி கேட்டு ஜெசிந்தாவை எடுத்துவிட்டாள். ஜெசிந்தா பெயர் திரையிலிருந்து மறைந்தது. எப்போது திரும்பி வருவார் என்று மூன்று பதிலையும் படித்தாள். கடைசிக் கட்டத்தைப் படிக்கவில்லை, நான் சொல்லிக்கொடுத்தபடியே. அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். ஒரு வருடத்துக்குள் என்றேன். குறித்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே சொன்னாள்:

"போன வருஷ ஒத்திகையிலயும் இதேதான் சொன்னீங்க அண்ணே."

எத்தனை தடவை கேட்டாலும் ஒரே பதிலைச் சொல்பவரைத்தான் எங்கள் தொழிலில் நம்பத் தகுந்தவர் என்போம்; அந்தக் கணக்கில் பினாங்கிலேயே என்னை விட நம்பத் தகுந்தவர் கிடையாது.