தட்ட வேண்டாம்

அவளைப் பூனை என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பேர் வைத்தது அண்ணன். சின்ன வயதில் அவள் வந்து நிற்பதும் தெரியாது, போவதும் தெரியாது. நாற்பத்து நான்கு வயதிலும் அந்தப் பேர் அவளை விடவில்லை. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்திலும் அவள் பூனையக்காதான்.

அங்கே அவளுக்கு இராத்திரி ஷிப்ட். காலை ஆறு மணிக்கு விடுவார்கள். நனைந்த படுக்கை விரிப்பு என்ன கனம் கனக்கும் என்பது தூக்கியவர்களுக்குத்தான் தெரியும். டாக்டர்களின் கோட்டுப் பைகளில் பேனா கிடக்கிறதா என்று துழாவிப் பார்ப்பாள். காய்ந்த விரிப்புகளின் ஓரத்தில் வார்டு எண்ணைக் கறுப்பு மையால் எழுதுவாள். கொதிக்கிற தண்ணீரில் போட்டாலும் போகாத மை. அவளுடைய சுட்டுவிரலிலும் அது நிரந்தரமாகக் குடியிருந்தது.

இருபத்திரண்டு வருஷம் அண்ணன் வீட்டில் இருந்தாள். பகலில் அவள் கண்ணை மூடினால் அந்த வீட்டுக்குப் பொறுக்காது. டீவி அலறும், குக்கர் கத்தும். தண்ணீர் வந்துவிட்டது எழுந்திரு என்பாள் அண்ணி. "பட்டப்பகல்ல என்ன தூக்கம்?" என்பான் அண்ணன்.

தேர்தல் வந்தால் மட்டும் அவளுக்கு அங்கே ஒரு மதிப்பு உண்டு. ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் அண்ணன் நாற்காலியை விட்டு எழாமலே ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவான். "நம்ம வீட்ல அஞ்சு. எல்லாம் நான் சொன்னா சொன்னதுதான்." அண்ணன், அண்ணி, இரண்டு பையன்கள், அப்புறம் சமையலறை வாசலில் நிற்கிற பூனை. அந்த ஐந்தாவது விரல் அவள்தான்.

போன வருஷம் ஒரு மத்தியானம், தூங்கி அரை மணி நேரம்கூட ஆகியிருக்காது, தேங்காய் துருவ எழுப்பினார்கள். துருவிக் கொடுத்தாள். மறுநாளே வாடகைக்கு ஓர் அறை பார்த்தாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியபோது அண்ணன் சிரித்தான். "பூனை எங்க போயிடும்? பொழுது சாயறதுக்குள்ள வந்துரும்."

பொழுது சாய்ந்தது. பூனை வரவில்லை.

மாடியில் பின்பக்கம் ஒற்றை அறை. இரும்புப் படிக்கட்டு. கீழே ஒரு தையல்காரர். குடிபோன அன்றைக்கே பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில், சலவைக்கூடத்து மையால் எழுதி வெளிக்கதவில் ஒட்டினாள்: 'இரவு வேலை. பகலில் தூங்குகிறேன். தட்ட வேண்டாம்.' அன்று எட்டு மணி நேரம் அடித்துப் போட்டதுபோலத் தூங்கினாள்.

அடுத்த வாரம் வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்ற மனுக் கொடுத்தாள். வாடகைப் பத்திரத்தின் நகலையும் சேர்த்தாள். நேரில் பார்க்க ஆள் வரும் என்றார்கள்.

நாற்பது நாள் கழித்து அண்ணன் போன் செய்தான். கடிதம் பழைய முகவரிக்கே போயிருந்தது. அதை ராகம் போட்டு வாசித்தான்.

"'இரண்டு முறை நேரில் சென்றும் மனுதாரர் அங்கு வசிப்பதாகத் தெரியவில்லை.' கேட்டியா? சர்க்காரே சொல்லிடுச்சு. ஆட்சேபம் இருந்தா புதன்கிழமை பதினோரு மணிக்கு வரணுமாம். நீ எங்க போகப்போற? தேர்தலன்னைக்கு இங்க வந்துரு, எல்லாரும் ஒண்ணா போலாம். ஒத்த ஓட்டுக்கு எதுக்கு இத்தன ஆர்ப்பாட்டம்?"

"ஒத்த ஓட்டுதானே அண்ணே. அது உங்களுக்கு எதுக்கு?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் திருப்பிக் கேட்ட முதல் கேள்வி அது.

தையல்காரரிடம் போய் விசாரித்தாள்.

"வந்தாரும்மா, தோள்ல பையோட ஒருத்தர். ரெண்டு தடவை. மேல ஏறினாரு, ரெண்டு நிமிஷத்துல எறங்கிட்டாரு."

"கதவத் தட்டினாரா?"

"சத்தம் ஒண்ணும் கேக்கலையே."

படியேறிப் போனவள் தன் கதவின் முன்னால் நின்றாள். அவள் கையெழுத்து அவளையே முறைத்தது. தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு தாளின் நான்கு மூலைகளையும் கிழியாமல் நகத்தால் நெம்பி எடுத்தாள்.

புதன்கிழமை ஷிப்ட் முடிந்து, கண் எரிய எரிய நேரே அலுவலகத்துக்குப் போனாள். அங்கே அண்ணன் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட அதிகாரியம்மா. பக்கத்தில் தோள்பைக்காரர்.

"சின்னக் கோபம் மேடம்," என்று அண்ணன் முந்திக்கொண்டான். "நாலு நாள்ல வீட்டுக்கு வந்துரும். பேரு அங்கயே இருக்கட்டும். நம்ம வீட்டுப் பொண்ணு."

நாற்பத்து நான்கு வயதுப் பொண்ணு மடித்த தாளை மேசைமேல் விரித்தாள்.

"சார், நீங்க வந்தப்போ இது கதவுல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"படிச்சீங்களா?"

"படிச்சேன். அதனாலதான் தட்டல."

"ஆளே இல்லாத வீட்ல யாரு சார் தூங்குறா?"

காத்திருந்தவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அதிகாரியம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "ஏங்க, 'தூங்குகிறேன்'னு எழுதியிருக்கு. அதப் படிச்சிட்டு வந்து நீங்க ஆள் இல்லன்னு எழுதியிருக்கீங்க."

"இத யாரு வேணா எழுதி ஒட்டலாம் மேடம்," என்றான் அண்ணன்.

பூனை தன் சுட்டுவிரலை அந்த எழுத்துகளுக்குப் பக்கத்தில் வைத்தாள். விரலிலும் அதே கறுப்பு. அதிகாரியம்மா விரலைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள், கடைசியில் அண்ணனைப் பார்த்தாள்.

"நீங்க வெளில இருங்க. சார், நீங்க இப்பவே இவங்களோட போய்ப் பாத்துட்டு வாங்க."

தோள்பைக்காரர் இரும்புப் படியேறி வந்து, கதவுக்கு முன்னால் தயங்கி நின்றார். "இப்ப தட்டலாமாக்கா?"

"இன்னைக்கு மட்டும் தட்டுங்க."

அவர் மூன்று தட்டு தட்டினார். அவள் பூட்டைத் திறந்தாள். விரித்தபடி கிடந்த பாய், ஒற்றை அடுப்பு, வெளிச்சம் வராமல் ஜன்னலில் செருகிய அட்டை, ஆணியில் மாட்டிய சலவைக்கூடத்துச் சட்டை. எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத் தாளில் எழுதினார். 'வசிக்கிறார்.' அந்த ஒரு சொல்லை அவள் நின்று இரண்டு தடவை படித்தாள்.

பின்னாலேயே வந்திருந்த அண்ணன் படிக்கட்டின் கீழே நின்றுகொண்டிருந்தான்.

"அப்போ நம்ம வீட்ல நாலுதானா?"

"நாலான்னும் அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க அண்ணே," என்று சொல்லிவிட்டு மேலே போய், தாளைப் பழைய இடத்திலேயே ஒட்டினாள்.

தேர்தலுக்குப் பத்து நாள் இருக்கும்போது, ஒரு மத்தியானம், கதவு இடிபட்டது. தூக்கம் கலைந்து திறந்தாள். ஓட்டுக் கேட்கிற கூட்டம். முன்னால் நின்றவர் கையில் பட்டியல்.

"வணக்கம்மா. இந்த வீட்ல எத்தன ஓட்டு?"

மை படிந்த அந்த ஒற்றை விரலை உயர்த்திக் காட்டினாள்.

"யாருக்கும்மா போடப்போறீங்க?"

அதே விரல் கதவில் இருந்த தாளின் பக்கம் திரும்பியது.

"படிக்கத் தெரியும்ல?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினாள்.